பென்சிலால் அடித்த ஊர்

அந்த அம்மாள் நின்றது கோயிலுக்கு எதிரே அல்ல. கோயிலுக்கும் கம்பெனி மதில் சுவருக்கும் நடுவே பதினாலு அடி அகலத்தில் ஒரு சந்து இருக்கிறது. அங்கே, கையில் வேப்பிலைக் கொத்தோடு, கண்ணை மூடாமல் நின்றாள். ஆடி மாதத்து வெயில் நேராகத் தலையில் விழுந்தது. மேலே ஊற்றிய மஞ்சள் தண்ணீர் புடவையில் கோடு கோடாகக் காய்ந்திருந்தது. ஊற்றியது ஏழு குடம். எண்ணினேன்.

"மலையேறு தாயே, மலையேறு" என்று பூசாரி கற்பூரத் தட்டை நீட்டினார். ஒருவர் மேல் வந்த சாமி அவரை விட்டு இறங்கிப் போவதை எங்கள் பக்கம் மலையேறுவது என்போம். அந்த அம்மாள் மேல் வந்தவள் மலையேறவில்லை.

"ஆறு பேரைக் கூப்ட்டே. என்னை ஏன் உட்டே?"

கேள்வி என் தம்பி டில்லியிடம். அவன்தான் பாடியவன். கையில் உடுக்கையோடு நின்ற டில்லி திரும்பி என்னைப் பார்த்தான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு பத்து.

அந்தக் கூட்டத்தில் எண்ணிக்கொண்டிருப்பவன் நான் ஒருவன்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

பஸ் டிரைவரின் பாட்டு

இந்தத் தொடரை இடையில் படிக்க வந்தவர்களுக்காக எங்கள் குடும்பத் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பம்பைக்காரர்கள். மரத்தில் ஒன்று, பித்தளையில் ஒன்று என இரண்டு மேளங்களைச் சேர்த்து இடுப்பில் கட்டி அடிப்பதுதான் பம்பை. அடிப்பதோடு வேலை முடியாது. பாட வேண்டும். பொன்னேரியிலிருந்து ஆந்திர எல்லை வரை ஆடி மாதம் எந்த அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினாலும், அம்மனைப் பாடி வரவழைத்த பிறகுதான் ஊற்றுவார்கள். என் தாத்தா பாடினார். நைனா, அதாவது எங்கள் அப்பா, பாடினார். இப்போது டில்லி பாடுகிறான்.

டில்லிக்கு வயது ஐம்பத்தைந்து. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஆட்களை ஏற்றி இறக்கும் கம்பெனி பஸ் ஓட்டுகிறான். காலை ஷிப்டை உள்ளே விட்ட பிறகு அவனுக்கு வேலை இல்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து டிரிப் ஷீட்டின் பின்பக்கம் பாட்டு எழுதுவான். என் கைக்கு வந்தவரை அறுபத்திரண்டு. அவற்றில் அம்மன் ஷிப்ட் பஸ்ஸில் படிக்கட்டுப் பக்கம் நின்று வருகிறாள். ஹெல்மெட் போட்டுக்கொண்டு கொதிக்கும் இரும்புக்குப் பக்கத்தில் நிற்கிறாள். கம்பெனிப் பையன்கள் அவற்றைப் போனில் எடுத்துப் போட்டுக் கேட்கிறார்கள். எனக்கு அவற்றில் பாதி பிடிக்காது. அதையும் அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

எனக்குக் குரல் கிடையாது. ஒன்பது வயதில் நைனா என்னைப் பாட வைத்துப் பார்த்தார். மூன்று அடி கேட்டார். "இவன் படிக்கட்டும்" என்றார். படித்தேன். கணக்கில் பட்டம் வாங்கி, இதே தொழிற்பேட்டையில் ஒரு இரும்புக் கம்பெனியின் டைம் ஆபீசில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தேன். கேட்டில் எத்தனை பேர் உள்ளே போனார்கள், எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்பதுதான் வேலை.

ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவது நிற்கவில்லை. "எங்க கல்யாணத்துல தாலி கட்டும்போது எத்தினி பேர் தும்மினாங்கன்னு கேளுங்க, சொல்வாரு" என்று வருகிறவர்களிடம் எல்லாம் என் மனைவி சொல்வாள். நான்கு பேர்.

பாட்டில் என் பங்கு ஒரு நீள நோட்டு. நைனாவுக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நானூற்றுப் பன்னிரண்டு அடிகள், வரிசை எண் போட்டு.

வழி சொல்லித்தான் கூப்பிட வேண்டும்

அந்த நோட்டில் நடுவில் இருப்பது ஏழு ஊர் அழைப்பு. கோயில் அம்மனைக் கூப்பிடும் முன் சுற்றிலும் ஏழு ஊர்களில் இருக்கும் அவளுடைய அக்கா தங்கைகளைக் கூப்பிட வேண்டும். வெறும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதாது. எந்த ஏரிக்கரை மேல் ஏறி, எந்த மரத்தடியில் திரும்பி, எந்த ஓடையைத் தாண்டி வர வேண்டும் என்று வழி சொல்ல வேண்டும். வழி தெரியாமல் எப்படி வருவாள் என்பது நைனாவின் நியாயம்.

அவர் காய்ச்சலில் பாடியிருக்கிறார். தொண்டை கட்டிப் பாடியிருக்கிறார். முன்பாட்டைக் குறைப்பார். இழுவையைக் குறைப்பார். ஊரைக் குறைத்ததில்லை.

ஒரே ஒரு தடவை மறந்திருக்கிறார். நான் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். திருவள்ளூர் பக்கம் ஒரு கோயிலில் பாடிவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். பாதி வழியில் நைனா விரல் மடக்கி ஏதோ முணுமுணுத்தார். எழுந்து போய்க் கண்டக்டரிடம் நிறுத்தச் சொன்னார். இறங்கி, எதிர்ப் பக்கம் வந்த பஸ்ஸில் ஏறி, பதினெட்டு கிலோமீட்டர் திரும்பிப் போனோம். கோயில் பூட்டியிருந்தது. பொழுது சாயும் நேரம். பூட்டிய கதவுக்கு முன் நின்று விட்டுப்போன ஊருக்கு மட்டும் ஒன்பது அடி பாடினார். கேட்க நான் ஒருவன். ஒரு ஆடும் இருந்தது.

"யாரும் கேக்கலியே நைனா" என்றேன்.

"உன்னை யாரு கேக்கச் சொன்னா" என்றார். எனக்கு அன்று பசி. அதுதான் நன்றாக நினைவிருக்கிறது.

நாற்பத்தேழு நிமிஷம்

இனி என் தப்பு.

கொரோனா ஓய்ந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். தொழிற்பேட்டைக்குள் இருக்கும் அந்தக் கோயிலின் விழாக் கமிட்டியில் ஏகாம்பரம் என்று ஒருவர். கிரேன் ஓட்டுகிறவர். கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வாரம் முன்பு வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, ஞாயித்துக்கெழமையும் ஆளுங்களுக்கு வேலை வச்சுட்டாங்க. பன்னெண்டரைக்குச் சாப்பாட்டு பெல்லு. ரெண்டு கம்பெனி ஆளுங்களும் சொம்பை எடுத்துக்கினு வந்துடுவாங்க. பதினொண்ணரைக்குத்தான் ஆரம்பிக்க முடியும், பாட்டுக்கு அப்பறம் சாமி மலையேறிப் படையல் போட இன்னொரு அரை மணி ஆவும். பாட்டு மட்டும் அரை மணில முடிச்சுக்கினா நமக்குப் பேஜாரு இல்ல."

டில்லியைப் பாடச் சொல்லிச் சுவர்க் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். நாற்பத்தேழு நிமிஷம். முன்பாட்டில் ஐந்து நிமிஷம் எடுத்தேன். திருப்பிப் பாடும் இடங்களில் ஏழு. இன்னும் ஐந்து தேவைப்பட்டது.

பென்சிலை எடுத்து நாவல்மேட்டை அடித்தேன். பதினோரு அடி.

ஊரின் உண்மைப் பேர் வேறு. நாவல்மேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்பேட்டையைப் பெரிதாக்கியபோது அந்த ஊரை எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே மதில், ஷெட், லாரிகள். ஊர்க்காரர்களுக்கு நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் காலனியில் மனை கொடுத்தார்கள். ஊர் அம்மன் கல்லைத் தூக்கி வந்து இந்தக் கோயிலில் வேப்பமரத்தடியில் வைத்துவிட்டார்கள்.

"நாவல்மேட்டை இன்னாத்துக்குண்ணா அடிச்சே?" என்றான் டில்லி.

"கல்லு இங்கியேதானே இருக்குது. பக்கத்துல குந்திக்கினு இருக்கறவளை எங்கேந்து கூப்புடுவே?"

"நைனா இருந்தா உடமாட்டாரு."

"நைனாவுக்குச் சாப்பாட்டு பெல்லு கெடையாது."

டில்லி சிரித்தான். "நீ ரிட்டயர் ஆயிட்டேன்னு கம்பெனிக்குத் தெரியும்ண்ணா. உனக்குத்தான் இன்னும் தெரியல" என்றான். ஆனால் அடித்ததை ஒத்துக்கொண்டான். என் கணக்கில் தப்பு வராது என்று அவனுக்கு ஒரு எண்ணம் உண்டு. எனக்கும் இருந்தது.

மாத்திரை மட்டும்

பதினொன்று இருபத்தைந்துக்கு ஆரம்பித்தது பதினொன்று ஐம்பத்தாறுக்கு முடிந்தது. ஒரு நிமிஷம்தான் அதிகம். எனக்குத் திருப்தி. பெண்கள் குலவை போட்டார்கள். மூன்று பேர் மேல் சாமி வந்தது. இரண்டு பேர் கற்பூரம் காட்டியதும் மலையேறிவிட்டார்கள். மூன்றாவதுதான் இந்த அம்மாள்.

பேர் நாகம்மா என்று அவள் மகள் ரேவதி சொல்லித்தான் தெரிந்தது. ரேவதி பக்கத்துக் கம்பெனியில் பேக்கிங்கில் வேலை செய்கிறவள். தோளில் சாப்பாட்டுப் பையோடு அம்மாவைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"அம்மாவுக்கு சுகர் சார். காலைல மாத்திரை மட்டும் போட்டுக்கினு வந்துச்சு. நாஷ்டா பண்ணல. கூழ் குடிச்சுட்டுத்தான் சாப்புடுவேன்னு விரதம்."

எனக்கும் சர்க்கரை உண்டு. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வெயிலில் நின்றால் என்ன ஆகும் என்று தெரியும். பையில் எப்போதும் நாலு குளுக்கோஸ் பிஸ்கட் வைத்திருப்பேன். எடுத்து நீட்டினேன்.

ரேவதி வாங்கவில்லை. "சாமி மேல இருக்கும்போது வாயில வைக்கக் கூடாது சார்."

"மயங்கி உழுந்துடுவாங்கம்மா."

"தெரியுது சார். மலையேறாம எப்படி சார் குடுக்கறது?"

அவள் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் கை நீளவில்லை. பூசாரியைப் பார்த்தேன். அவரும் கொடுக்கமாட்டார். அங்கே இருந்த யாரும் கொடுக்கமாட்டார்கள். கூப்பிட்டவன்தான் அனுப்பி வைக்க வேண்டும்.

ஏகாம்பரம் ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். வர முக்கால் மணி ஆகும் என்றார்கள். பெல் அடித்தது. ஆட்கள் சொம்பும் தூக்குமாக வந்து வரிசையில் நின்றார்கள். சாமி நிற்கும்போது கூழ் ஊற்ற முடியாது. சுமார் நூற்று நாற்பது பேர். நாகம்மாவின் உதடு வெளுத்திருந்தது. முழங்கால் நடுங்க ஆரம்பித்திருந்தது.

"என்னை ஏன் உட்டே?"

எனக்குச் சாமி மேல் நம்பிக்கை உண்டா என்று வாசகர்கள் கேட்டு எழுத வேண்டாம். அந்த இடத்தில் எனக்கு இருந்தது ஒரே எண்ணம். பென்சில் பிடித்தது என் கை.

இல்லாத மரம்

டில்லி உடுக்கையை எடுத்தான். விட்டுப்போன பதினோரு அடியையும் பாடினான். நாவல் மரத்து நிழலில் இறங்கி, பெரிய ஏரிக் கரை மேல் ஏறி, அல்லிக் குட்டையைச் சுற்றிக்கொண்டு வா என்று நைனா சொல்லி நான் எழுதிய அதே அடிகள். ஒரு சொல் தவறவில்லை.

நாகம்மா தலையை ஆட்டினாள்.

"எங்கடா மரம்? எங்கடா ஏரி? எந்த வழியா வருவேன்?"

போன வருடங்களில் எல்லாம் இதே அடிகளைத்தான் பாடினான். யாரும் கேட்கவில்லை. ஒரு வருடம் விட்டதும் எல்லாம் சேர்ந்து கேள்வியாக வந்துவிட்டது.

டில்லி உடுக்கையை நிறுத்தினான். அவன் யோசிப்பது எனக்குத் தெரிந்தது. பாட்டு எழுதும்போது ஸ்டீரிங் மேல் விரலால் தட்டுவான். அதே தட்டு உடுக்கையின் மேல் மெதுவாகக் கேட்டது. அந்த இடத்துக்குத் தினம் இரண்டு நடை பஸ் ஓட்டுகிறவன். இன்றைக்கு அங்கே என்ன இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும்.

மூணாம் கேட்டு தொறந்திருக்கு வாடி முத்துமாரி
முள்ளுக்கம்பி வேலி தாண்டி வாடி முத்துமாரி
லாரி நிக்கும் எடை மேடை மேலே ஏறிவா
ஏறி நின்னு எட்டுத் திக்கும் பார்த்து எறங்கிவா

நாகம்மாவின் தலை ஆடுவது நின்றது.

வரிசையில் சொம்போடு நின்ற ஒரு ஆள் சொன்னார். "அது எங்க களம்பா. களத்து மேலதான் எடை மேடை போட்டுகிறாங்க."

டில்லி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. தாளம் விடாமல் வாங்கிக்கொண்டான்.

நெல்லடிச்ச களத்து மேலே லாரி நிக்குதே
நீ வரவே வழிய விட்டு ஒதுங்கி நிக்குமே

"டிரான்ஸ்பார்மராண்ட எங்க மாமியா ஊடு" என்றது ஒரு பெண் குரல்.

மாமியா ஊட்டு வாசலிலே டிரான்ஸ்பார்மரு
மஞ்சத் தண்ணி தெளிச்சு வச்சோம் பார்த்துக் காலெடு

"கெணறு?" என்றான் டில்லி. பாட்டோடு சேர்த்துத்தான் கேட்டான்.

"தூர்த்துட்டாங்க. கேன்டீன் வந்துச்சு."

கிணத்து மேலே கேன்டீன் இருக்கு, தாகமோ தாயே
கை நனைச்சு மூச்சு வாங்கிக் கிளம்பி வா தாயே

இப்படி வரிசையிலிருந்து ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஏரி இருந்த இடம் பழைய இரும்புக் குவியல். பள்ளிக்கூடம் சைக்கிள் ஸ்டாண்டு. நாவல் மரம் நின்ற இடத்தில் கொடிக்கம்பம். சிலர் சொல்லும்போது சிரித்தார்கள். "எங்க ஊட்டையும் சேத்துக்கப்பா, பின்னாடி கக்கூஸ் கட்டிகிறாங்க" என்று ஒருவர் சொல்ல, பக்கத்திலிருந்தவர் அவர் முதுகில் ஒன்று வைத்தார். டில்லி அதைச் சேர்க்கவில்லை.

வாய் திறந்தவர்கள் ஒன்பது பேர். அவர்களில் ஆறு பேரை எனக்குத் தெரியும். டைம் ஆபீஸ் ஜன்னலில் வருடக்கணக்காகப் பார்த்த முகங்கள். இரண்டு பேருக்கு டோக்கன் எண் கூடச் சொல்வேன். நாவல்மேட்டுக்காரர்கள் என்று தெரியாது.

பதினெட்டாவது அடியில் பாட்டு கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தது. நாகம்மா வேப்பிலையைக் கீழே விட்டாள்.

"வந்துட்டேன்" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

பூசாரி அவள் நெற்றியில் திருநீற்றை அழுத்தினார். அவள் அப்படியே ரேவதியின் தோளில் சாய்ந்தாள். பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. ரேவதி முதலில் என் கையிலிருந்த பிஸ்கட்டைத்தான் பிடுங்கினாள். தண்ணீரில் ஊற வைத்து ஊட்டினாள். அண்டாவைத் திறந்தார்கள்.

பஸ் படிக்கட்டில்

சாப்பாட்டு நேரத்தைப் பத்து நிமிஷம் நீட்டச் சொல்லி ஏகாம்பரம் யார் யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார். ஆட்கள் கூழைக் குடித்துவிட்டு ஓடினார்கள். ஆம்புலன்சை வேண்டாம் என்று சொல்லியாயிற்று. அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை.

டில்லியின் பஸ் நிழலில் நாகம்மா உட்கார்ந்திருந்தாள். கையில் கூழ்ச் சொம்பு. ஒல்லியான அம்மாள். ஐம்பத்தெட்டு அறுபது இருக்கும். சற்று முன் அதட்டியவள் இவள்தான் என்று சொன்னால் நம்ப முடியாது. டில்லி பஸ்ஸை எடுக்க வந்தான்.

"யப்பா, எங்க ஊருக்குப் பாடுனியாமே. ரேவதி சொல்லுது."

"ஆமாம்மா."

"எல்லாரும் கேட்டாங்களாம். நான் கேக்கலியே."

சாமி மேல் இருக்கும்போது நடப்பது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. நான் அதை அதுவரை யோசித்ததில்லை. அந்தப் பாட்டு யாருக்காக வந்ததோ அவள் ஒருத்தியைத் தவிர நூற்று நாற்பது பேரும் கேட்டிருந்தார்கள்.

"இன்னொரு தபா பாடேன்."

"பாடக் கூடாதும்மா. பாடுனா திரும்ப வந்துடும். நீ இப்பத்தான் கூழ் குடிக்கறே."

"அப்ப நான் எப்பத்தான் கேக்கறது?"

இதற்கு எங்கள் குடும்பத்தில் யாரும் பதில் வைத்திருக்கவில்லை. நோட்டிலும் கிடையாது. டில்லி உடுக்கையை என் கையில் கொடுத்துவிட்டுப் பஸ் படிக்கட்டில் உட்கார்ந்தான். ராகம் இல்லாமல், தாளம் இல்லாமல், புதிதாக வந்த ஆளுக்கு வழி சொல்வது போலச் சொல்ல ஆரம்பித்தான்.

"மூணாம் கேட்டாண்டேந்து வரே. முள்வேலி. அதைத் தாண்டுனா எடை மேடை. அது உங்க களம். ஏறிப் பாக்கறே, எறங்கறே. லாரி ஒதுங்குது. அப்பறம் டிரான்ஸ்பார்மர், அது ஒரு அம்மாவோட மாமியா ஊடு."

"ராசாத்தி மாமியா" என்றாள் நாகம்மா.

"இருக்கும். தாண்டி வந்தா கேன்டீன். அதுக்குக் கீழ கெணறு."

அவள் சொம்பைக் கீழே வைத்தாள்.

"கேன்டீன்ல இல்லப்பா. பின்னால, கை கழுவற எடத்துல. தெனம் நான்தானே பெருக்கறேன்."

"சரிம்மா. மாத்திக்கறேன்."

"மாத்திக்க" என்றாள். சொம்பை எடுத்து ஒரு வாய் குடித்தாள். "மேல சொல்லு. கெணத்தைத் தாண்டி எப்படி வரேன்?"